தொண்டூருக்குப் போன நன்மை

செஞ்சியில் அந்தக் காலத்தில் ஜீவரத்தினம் என்ற பேரில் மூன்று பேர் இருந்தார்கள். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த நைனார் ஒருத்தர். தாலுகா ஆபீசுக்குப் பின்னால் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி. மூன்றாவது ஆளை மாதா கோயில் ஜீவரத்தினம் என்பார்கள். மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைத்துப் பிழைத்தவள். உடைத்து உடைத்து இரண்டு கட்டைவிரலும் மரக்கட்டை மாதிரி ஆகியிருக்கும். வாரத்தில் ஆறு நாள் அந்த விரலுக்கு மல்லாட்டை. ஏழாம் நாள் அதே விரலை அவள் தூக்கினால் கோயிலில் பெண்கள் பக்கம் முழுக்க மூச்சு விடாது.

அவள் புருஷன் சூசை இருந்த வரைக்கும் அவன்தான் கோயில்பிள்ளை. மணி அடிப்பான், விளக்கேற்றுவான், பூசை நேரத்தில் தூங்குகிறவன் தோளில் மூங்கில் குச்சியால் ஒரு தட்டுத் தட்டுவான். மகன் இன்னாசிக்கு மீசை முளைக்கிறதுக்குள் சூசை விஷக்காய்ச்சலில் போய்விட்டான். குச்சி அடுத்து வந்த கோயில்பிள்ளை கைக்குப் போனது. பெண்கள் பக்கத்தை யாரும் அவளிடம் ஒப்படைக்கவில்லை. அவளாகத்தான் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை.

அவள் வைத்த முறை இதுதான். முக்காடு நெற்றிவரை வர வேண்டும். வெற்றிலை போட்ட வாயை வெளியில் கொப்பளித்துவிட்டுத்தான் தீர்த்தத் தொட்டியில் கை நனைக்க வேண்டும். குழந்தைக்குக் கொலுசு போட்டிருந்தால் அதன்மேல் துணி சுற்றித் தூக்கி வர வேண்டும். எழுந்தேற்றத்துக்கு முன்னால், அதாவது சாமியார் பீடத்தில் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற நேரத்துக்கு முன்னால், பெண்கள் எல்லாரும் கண்ணாடி வளையலை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக்கொள்ள வேண்டும். கும்பிடும்போது கிலுகிலு என்று சத்தம் வரக்கூடாது. புதிதாக மாற்றலாகி வந்த சப்-இன்ஸ்பெக்டர் சம்சாரம் ஒருத்தி இரண்டு கையிலும் டஜன் டஜனாக வளையலோடு வந்து உட்கார்ந்தாள். ஜீவரத்தினம் அவள் பக்கத்தில் போய்க் குந்தி, ஒரு வார்த்தை பேசாமல், பிள்ளைக்குச் சட்டைக் கையை மடித்துவிடுகிற மாதிரி இரண்டு கை வளையலையும் மேலே ஏற்றிவிட்டு வந்தாள். பூசை முடிந்ததும் அந்த அம்மாள் வெளியே வந்து கேட்டாள்.

“யாருடி நீ, என் கையத் தொட?”

“நான் மல்லாட்ட ஒடைக்கறவம்மா. உள்ள இருக்கறவரு யாருன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? உங்க வூட்டுக்காரரு கலெக்டர் முன்னாடி நிக்கும்போது சாவிக்கொத்த ஆட்டிக்கினா நிப்பாரு?”

சப்-இன்ஸ்பெக்டர் சம்சாரத்துக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்துவிட்டது. அடுத்த வாரம் ஒற்றை வளையலோடு வந்தாள்.

பிள்ளைகளிடம் அவள் கத்தினதும் இல்லை, கிள்ளினதும் இல்லை. அழுகிற குழந்தையைத் தாயோடு எழுப்பி வெளியே புளியமர நிழலுக்கு அனுப்புவாள். அடங்கினதும் வாசலில் நின்று தலையாட்டிக் கூப்பிடுவாள். பேசுகிற பிள்ளைக்கு ஒரு பார்வை. அதற்கும் அடங்காவிட்டால், பக்கத்தில் போய்க் காதோடு, “மெதுவா. ஆண்டவரு இருக்காரு” என்பாள். அவ்வளவுதான்.

பூசையில் சாமியாரிடம் நாக்கில் வாங்கிக்கொள்கிறதை அப்போதைய சனங்கள் நன்மை என்றுதான் சொல்லுவார்கள். யாராவது வாய் தவறி அப்பம் என்றால் ஜீவரத்தினத்துக்குப் பொறுக்காது. “அப்பம் கடையில விக்குது. இது ஆண்டவரு” என்பாள். அவள் நன்மை வாங்குகிற அழகைப் பார்க்கத் தனியாகக் கண் வேண்டும். பீடத்துக்கு முன்னால் குறுக்கே இருக்கிற கிராதியண்டை முழந்தாளிட்டு, வாங்கி, கைகூப்பி, தரையைப் பார்த்தபடி தூணுக்குத் திரும்பி வருவாள். வந்து கண்ணை மூடினால் கடைசி ஆசீர்வாத மணி அடிக்கும்வரை திறக்கமாட்டாள். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் பெண்கள் பக்கத்துக்குக் காவல் கிடையாது. அது பிள்ளைகளுக்கும் தெரியும்.

இன்னாசிக்குப் பெண் அமைந்தது தொண்டூரில். சூசையின் தகப்பனுக்கு அத்தை ஒருத்தி தொண்டூரில் வாக்கப்பட்டவள். இவர்கள் கிளை பாட்டன் காலத்தில் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டது. அந்தக் கிளை வாங்கவில்லை. சனம் ஒன்றுதான். அந்த அத்தையின் பேத்திதான் மீனம்பாள். அவளைப் பச்சமுத்து என்கிற குடியானவருக்குக் கொடுத்திருந்தது. அவர்கள் மகள் தனகோட்டியை இன்னாசிக்குக் கேட்டார்கள். பெண் வேதம் படித்து ஞானஸ்நானம் வாங்கிக் கல்யாணமும் ஆயிற்று. மீனம்பாளும் பச்சமுத்துவும் அவர்கள் வழியிலேயே இருந்தார்கள். யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை.

தலைச்சன் பிள்ளை தாய் வீட்டில்தான் பிறக்க வேண்டும். ஆனால் தனகோட்டி முழுகாமல் இருந்தபோது பச்சமுத்து மாடு கட்டிக் கவலை இறைக்கும் கிணற்றுமேட்டில் வழுக்கி விழுந்து, இடுப்பு போய், படுத்த படுக்கையாகிவிட்டார். மீனம்பாள் அவரைப் பார்ப்பாளா, பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பாளா? ஜீவரத்தினமே, “எங்க இருந்தா இன்னா சம்பந்தி, இங்கியே பொறக்கட்டும்” என்று சொல்லிவிட்டாள். பிரசவம் செஞ்சியிலேயே நல்லபடியாக ஆனது. ஆண் பிள்ளை. பேரனுக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஞானஸ்நானம் என்று சொல்லி அனுப்பினார்கள். அது அறுபத்து மூன்றாம் வருஷம்.

மீனம்பாள் சனிக்கிழமை சாயந்திர பஸ்ஸில் வந்து இறங்கினாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்சினாளே தவிர, மனசில் ஒரு பயம் இருந்தது. ராத்திரிச் சாப்பாடு ஆனதும் கேட்டேவிட்டாள்.

“சம்பந்தி, உங்க கோயில்ல எப்டி நடந்துக்கறதுன்னு எனக்கு ஒண்ணும் தெரியாது. கல்யாணத்தப்போ கூட்டத்தோட கூட்டமா வெளிய நின்னுட்டேன். நாளைக்கு எதனா தப்பா பண்ணி உங்க பேரு கெட்டுறப் போவுது.”

“இதுல இன்னா இருக்குது? எம் பக்கத்துலயே குந்திக்கோங்க. நான் இன்னா செய்யறனோ அதயே செய்ங்க. முட்டி போட்டா முட்டி போடுங்க. எழுந்தா எழுந்துருங்க. முக்காடு மட்டும் நழுவக்கூடாது.”

“தேங்கா, பூவு, சூடம்?”

“ஒண்ணும் வேணாம்.”

“வெறுங்கையோடயா சாமியப் பாக்கப் போறது?” என்று மீனம்பாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் மீனம்பாளைப் போல நடந்துகொண்டவள் அந்தக் கோயிலில் இல்லை. விடியுமுன் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஜீவரத்தினத்தின் வெள்ளைச் சேலையொன்றை வாங்கி முக்காடிட்டு, வளையலை ஏற்றிவிட்டு, தூணோரம் ஒட்டி உட்கார்ந்தாள். ஜீவரத்தினம் நெற்றியில் கை வைத்தால் அவளும் வைத்தாள். மார்பில் தட்டிக்கொண்டால் தட்டிக்கொண்டாள். சாமியார் சொல்வது லத்தீன். அது ஜீவரத்தினத்துக்கும் புரியாது, மீனம்பாளுக்கும் புரியாது. எழுந்தேற்ற மணி அடித்தபோது மீனம்பாள் நெற்றி தரையைத் தொட்டது. ஓரக்கண்ணால் அதைப் பார்த்து ஜீவரத்தினத்துக்குப் பெருமை தாங்கவில்லை. நாலு தலைமுறையாக ஞானஸ்நானம் வாங்கின வீட்டுப் பெண்களே இப்படிக் குனிகிறதில்லை.

நன்மை நேரம் வந்தது. ஜீவரத்தினம் எழுந்து போனாள், வாங்கினாள், வந்தாள், கண்ணை மூடினாள். கண் திறந்தபோது மீனம்பாள் பக்கத்தில் அதே இடத்தில், அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஞானஸ்நானம் ஆயிற்று. பிள்ளைக்குச் சவரிமுத்து என்று பேர் வைத்தார்கள். வீட்டில் கறிச்சோறு. ஜீவரத்தினம் குழம்பு ஊற்ற வந்ததும் மீனம்பாள் இலைமேல் கையை வைத்து மறித்தாள். “இன்னிக்குக் கவுச்சி வேணாம் சம்பந்தி. மோர் ஊத்துங்க போதும்.” என்ன விரதமோ என்று ஜீவரத்தினம் விட்டுவிட்டாள். சாப்பிட்ட கை காயும் முன்னே மீனம்பாள் கிளம்பியும்விட்டாள். “அவரு ஒண்டியா கெடக்கறாரு” என்றாள்.

ஜீவரத்தினம்தான் பஸ் ஏற்றிவிடப் போனாள். ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில் கூட்டம். மீனம்பாள் பின்வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கை கம்பியில், ஒரு கை வயிற்றோடு அணைத்த முந்தானை முடிச்சில்.

“உள்ள போய்க் குந்துங்க சம்பந்தி, எடம் இருக்குது.”

“வேணாம். அந்தப் பக்கம் கருவாட்டுக் கூடை இருக்குது. நான் நின்னுக்கினே போறேன். அவருக்குப் பிரசாதம் வச்சிருக்கறேன்.”

“இன்னா பிரசாதம்?”

“கோயில்ல குடுத்தாங்களே? நீங்க முன்னாடி போனீங்க, நான் பின்னாடியே வந்தேன். நாக்கு நுனியில வச்சாரு. ஈரம் படறதுக்குள்ள எடத்துக்கு வந்து முந்தானையில வாங்கி முடிஞ்சிக்கினேன். நான் தின்னு இன்னா ஆவப் போவுது? இடுப்பொடிஞ்சு கெடக்கற மனுஷன் வாயில போட்டா அவருக்காவது…”

கண்டக்டர் விசில் அடித்தான். பஸ் புகையை விட்டுவிட்டுத் திண்டிவனம் ரோட்டில் திரும்பியது.

ஜீவரத்தினம் நின்ற இடத்திலேயே நின்றாள். வெற்றிலைக்கடைக்காரர், “இன்னா ரத்தினம், தல சுத்துதா? சோடா குடிக்கறியா?” என்று கேட்டது அவள் காதில் விழவில்லை. ஆண்டவர் கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில், ஒரு முந்தானை முடிச்சில், தொண்டூருக்குப் போய்க்கொண்டிருக்கிறார். அதுவும் யார் சொல்லி? நான் செய்கிறதையே செய் என்று சொன்னது யார்? கிராதிக்கு மட்டும் வராதே என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையே.

சாமியாரிடம் ஓடிச் சொல்லலாம் என்றால் அவர் பூசை முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் கிளைக் கோயிலுக்குப் போய்விட்டார். பொழுது சாயத்தான் வருவார். கோயில்பிள்ளையிடம் சொன்னால் அரைமணியில் செஞ்சி முழுக்கத் தெரியும். அப்புறம் தனகோட்டிக்கு அந்தக் கோயிலில் சாகிறவரைக்கும் அதுதான் பேர், நன்மையை முடிந்துகொண்டு போனவள் மகள் என்று. அவள் பிள்ளைக்கும் அதுதான் பேர். சொல்லாமல் விட்டாலோ, பொழுதுபோவதற்குள் ஞானஸ்நானம் வாங்காத ஒரு மனிதர் வாயில், அது இன்னதென்றே தெரியாமல், போய்விடும். இரண்டில் எது நடந்தாலும் அவளால் அந்தத் தூணோரம் இனி உட்கார முடியாது.

வீட்டுக்கு வந்து இன்னாசியிடம் சொன்னாள். “சம்பந்திகிட்ட ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். தொண்டூர் வரைக்கும் போயிட்டு வரேன்.”

“இப்பதானே பஸ் ஏத்துன? ஒரு கடுதாசி போட்டா போச்சு.”

“கடுதாசியில சொல்ற சேதி இல்லடா.”

“நான் சைக்கிள்ல போயி…”

“நீ போவ வேணாம். புள்ளையப் பாரு.”

அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். உட்கார இடம் இருந்தது, உட்காரவில்லை. ஏன் நிற்கிறாய் என்று கண்டக்டர் இரண்டு தரம் கேட்டான். ரோட்டில் இறங்கி ஏரிக்கரைமேல் நடந்தாள். பாதி ஓட்டம், பாதி நடை. வாயில் ஜெபம் வரவில்லை. ‘குடுத்துடாத, குடுத்துடாத’ என்றுதான் வந்தது.

பச்சமுத்து வீட்டு வாசலில் சாணம் தெளித்து அப்போதுதான் கோலம் போட்ட ஈரம். மத்தியானத்தில் யார் கோலம் போடுவார்கள்? தெருப் பிள்ளைகள் நாலைந்து எதிர்வீட்டுக் கூரை நிழலில் குசுகுசு என்று பேசிக்கொண்டு நின்றன. ஜீவரத்தினம் மூச்சு வாங்க, “சம்பந்தி!” என்று கூப்பிட்டுக்கொண்டே வாசற்படி ஏறினாள்.

மீனம்பாள் ஈரத்தலையோடு உள்ளிருந்து ஓடிவந்தாள். உதட்டில் விரலை வைத்தாள்.

“மெதுவா சம்பந்தி. சாமி இருக்குது.”

ஜீவரத்தினம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். எட்டிப் பார்த்தாள். மேற்குச் சுவரில் விளக்கு வைக்கிற மாடம். அதைக் கழுவி மஞ்சள் பூசியிருந்தது. அதில் புளிபோட்டுத் துலக்கின பித்தளைத் தட்டு, தட்டில் வெள்ளைத் துணி, துணியின்மேல் நன்மை. ஓரம்கூட உடையவில்லை. பக்கத்தில் நல்லெண்ணெய் விளக்கு எரிந்தது. அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது.

ஜீவரத்தினம் அப்படியே முழந்தாளிட்டாள். சாணி மெழுகிய தரையில் நெற்றி பட்டது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாளோ. தலை தூக்கினபோது மீனம்பாளும் பக்கத்தில் முழந்தாளிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“இன்னும் குடுக்கலையே?”

“எப்டிக் குடுக்கறது? அவரு குளிக்காம கெடக்கறாரு. பீடி குடிச்ச வாயி. வெந்நீ வச்சிருக்கறேன். குளிப்பாட்டி வேட்டி மாத்தி அப்புறந்தான். தெருப் பசங்க கத்திக்கினு இருந்துச்சுங்க, அதட்டி நிறுத்தினேன்.”

மூலையில் கயிற்றுக் கட்டிலில் இருந்து பச்சமுத்து குரல் வந்தது. “வாங்க சம்பந்தியம்மா. இவ வந்ததுலருந்து பீடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க சாமி ரொம்பக் கண்டிப்பு போலருக்குது. எப்பதான் குடுப்பீங்க?”

அதுதான் கஷ்டமாகிவிட்டது. திட்டுவதற்கென்று ஓடிவந்தவளுக்குத் திட்ட ஆள் இல்லை. இடுப்பு ஒடிந்த மனிதர் ஒருத்தர் பீடியையும் விட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அவரிடம் இல்லை என்று சொல்ல வேண்டும். ஜீவரத்தினம் எழுந்து கட்டிலண்டை போனாள். பொய் சொல்ல ஒரு நிமிஷம் மனசு வந்தது. சொல்லவில்லை.

“அண்ணே, கோவிச்சுக்கக் கூடாது. அது பிரசாதம் இல்ல. படைச்ச பொருளும் இல்ல. எங்களுக்கு அது ஆண்டவரே. ஞானஸ்நானம் வாங்கி, வேதம் படிச்சு, பாவம் சொல்லி அழுதுட்டுத்தான் நாங்களே வாங்குவோம். எம் புள்ளைக்கே பத்து வயசு வரைக்கும் குடுக்கல. உங்களுக்குக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லண்ணே. தொடவே அதிகாரம் இல்ல.”

மீனம்பாள் முகம் வெளுத்துவிட்டது. “சாமியவா நான் முந்தானையில முடிஞ்சேன்?”

“சம்பந்தி…”

“ஐயோ, தெய்வக் குத்தம் ஆயிடுச்சே! இவரு கெடக்கற கெடப்புல… அந்தப் பச்சப்புள்ளைக்கு எதனா ஆயிடுமா?”

“ஒண்ணும் ஆவாது. குத்தம் உங்களுது இல்ல, என்னுது. நான் செய்யறத அப்டியே செய்ங்கன்னு சொன்னது யாரு? நீங்க செஞ்சீங்க. சொன்னவ முழுசா சொல்லல.”

பச்சமுத்து கூரையைப் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

“நான் எழுந்து போயி எந்தச் சாமியையும் பாக்க முடியல. ஒரு சாமி எங்கூட்டுக்கு வந்து குந்திட்டுப் போவுது. போவட்டும். வந்துச்சில்ல?”

ஜீவரத்தினத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைக்கப் போய், துடைக்காமல் விட்டாள்.

எப்படித் திருப்பிக் கொண்டுபோவது? கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு மறுபடியும் பஸ்ஸா? யோசித்துக்கொண்டு நின்றபோது பச்சமுத்துவே வழி சொன்னார். “தம்பிகிட்ட வண்டி இருக்குது. வைக்கோலப் போட்டு என்னயும் ஏத்திக்கோங்க. சாமிக்குத் தொணையா நானும் வரேன். பேரன இன்னும் கண்ணால பாக்கல.”

“குலுக்கல்ல இடுப்பு தாங்குமா?” என்று மீனம்பாள் கேட்டாள்.

“இங்க கெடந்தா மட்டும் தாங்குதா? பேசாம ஏத்து.”

பச்சமுத்துவின் தம்பி இளையபெருமாள் வண்டி கட்டி வந்தான். விஷயத்தை அவனிடம் அண்ணிக்காரி நாலு வார்த்தையில் சொன்னாள். அவன் செருப்பைக் கழற்றி வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தான். அண்ணனைத் தூக்கி வைக்கோல்மேல் கிடத்தினார்கள். மீனம்பாள் தட்டை இன்னொரு தட்டால் மூடி, வெள்ளைத் துணியால் சுற்றி, மடிமேல் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஜீவரத்தினம் வண்டியில் ஏறவில்லை. பக்கத்தில் நடந்தாள்.

வண்டி நகர்ந்ததும் மாட்டுக் கழுத்துச் சலங்கை சத்தம் போட்டது. ஜீவரத்தினம் பழக்கத்தில் கையைத் தூக்கினாள்.

“அந்தச் சலங்கைய அவுத்துடுப்பா. சத்தம் கூடாது.”

இளையபெருமாள் குதித்து இறங்கி ஒரு மாட்டின் சலங்கையை அவிழ்த்துவிட்டான். அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. சாகக் கிடக்கிறவர்களுக்குச் சாமியார் நன்மை கொண்டுபோகும்போது சூசை முன்னால் மணியடித்துக்கொண்டு போவான். மணி கேட்டால் தெருவில் போகிறவர்கள் ஒதுங்கி நின்று கும்பிடுவார்கள்.

“தம்பி, மறுபடியும் கட்டிடு.”

“இப்பதானே அவுக்கச் சொன்னீங்க?”

“ஆமா. இப்பக் கட்டச் சொல்றேன்.”

சலங்கை ஒலிக்க வண்டி போனது. வண்டிச் சக்கரம் பள்ளத்தில் இறங்குகிறபோது பச்சமுத்து பல்லைக் கடித்துக்கொள்வார். மீனம்பாளின் கை மரத்துப்போயிருக்க வேண்டும், கையை மாற்றவில்லை. ராஜகிரிக் கோட்டை மேலிருந்து வெயில் இறங்கிக்கொண்டிருந்த நேரத்துக்கு வண்டி மாதா கோயில் முற்றத்தில் வந்து நின்றது.

சாமியார் அப்போதுதான் கிளைக் கோயிலிலிருந்து வந்து, தொட்டியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். சின்ன வயசு. செஞ்சிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜீவரத்தினம் முன்னால் போய், எதையும் மறைக்காமல், எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கையிலிருந்த செம்பு தொட்டிக்குள் விழுந்தது. எடுக்கவில்லை. உள்ளே போய்ப் பூசைக்குக் கழுத்தில் போடுகிற பட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். வண்டிக்கு முன்னால் மணலில் முழந்தாளிட்டார். நுகத்தடியருகே நின்ற இளையபெருமாள் அதைப் பார்த்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

சாமியார் கையை நீட்டியபோது மீனம்பாள் உடனே தட்டைக் கொடுக்கவில்லை. ஜீவரத்தினத்தைப் பார்த்தாள். ஜீவரத்தினம் தலையை ஆட்டினாள். அப்புறம்தான் கொடுத்தாள். அவர் அதை உள்ளே கொண்டுபோனார். வெகுநேரம் கழித்துக் கழுவின தட்டோடு திரும்பி வந்தார்.

“சாமி, குத்தம் என்னுது. என்ன தண்டனையோ குடுங்க. பொம்பளைங்க பக்கம் பாத்துக்கறத வேற யாருக்காவது குடுத்துடுங்க” என்றாள் ஜீவரத்தினம்.

“இந்த அம்மா பஸ்ஸுல நின்னுக்கிட்டேவா போனாங்க?”

“ஆமா சாமி. பக்கத்துல கருவாடு இருந்துச்சாம்.”

சாமியார் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். “நாக்குல வச்சது நான்மா. புதுசா வந்தவன், எல்லாம் வெள்ளை முக்காடு, யாரு என்னன்னு கேக்காம வச்சுட்டேன். உனக்கே முழுத் தண்டனையும் குடுத்துட்டா எனக்கு? அந்த வேலைய நீயே பாரு. புதுசா வர்றவங்களுக்கு எப்ப எழுந்திரிக்கணும், எப்ப முட்டி போடணும்னு சொல்றல்ல? அது எதுக்குன்னும் சொல்லு.”

“பூசையில பேசக்கூடாதே சாமி?”

“மெதுவாச் சொல்லு.”

வண்டிக்குள்ளிருந்து பச்சமுத்து கூப்பிட்டார். “சாமி, எனக்கு அது கெடையாதுன்னு சம்பந்தியம்மா சொல்லிட்டாங்க. வேற எதனா இருந்தா குடுத்து அனுப்புங்க. சும்மா போவக் கூடாது பாருங்க.”

சாமியாருக்குச் சிரிப்பு வந்தது. வண்டிச் சக்கரத்தில் கால் வைத்து ஏறி, அவர் தலையில் இரண்டு கையையும் வைத்து மந்திரித்து ஆசீர்வதித்தார். அதற்குள், கோயிலடி வீட்டில் சலங்கைச் சத்தம் கேட்டு, இன்னாசியும் தனகோட்டியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். தகப்பனை வண்டியில் பார்த்ததும் தனகோட்டி அழுதாள். பிள்ளையை வாங்கி அவர் மார்பின்மேல் கிடத்தினார்கள். ஏன் எல்லாரும் வந்தார்கள் என்று இன்னாசி கேட்டதற்கு, “பேரனப் பாக்க வந்தோம்டா, வேற எதுக்கு?” என்றார் பச்சமுத்து. அது பொய்யும் இல்லை. விஷயம் அந்த முற்றத்தைத் தாண்டிப் போகவில்லை. தனகோட்டிக்கே அது தெரியவர ரொம்ப வருஷம் ஆனது.

பச்சமுத்து எழுந்து நடந்துவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கட்டிலிலேயே இருந்து, பேரன் ஓடுகிற வயசு வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். மீனம்பாளுக்கு மட்டும் தெய்வக் குத்தப் பயம் லேசில் போகவில்லை. பேரனுக்குச் சளி பிடித்தால்கூடச் செஞ்சிக்கு ஆள் அனுப்பிக் கேட்பாள். ஜீவரத்தினம் ஒவ்வொரு தரமும், “சளிதான் சம்பந்தி” என்று சொல்லி அனுப்புவாள்.

ஜீவரத்தினத்திடம் ஒன்று மாறியது. திருநாள், கல்யாணம், ஞானஸ்நானம் என்று கோயிலில் வேற்று உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்தால், அவர்களைத் தூணோரம் அழைத்துத் தன்னோடு வைத்துக்கொள்வாள். பூசை முழுக்க அவர்கள் காதோடு காதாக ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். நன்மை நேரத்தில் எல்லாரும் போய் வந்த பிறகுதான் எழுந்து போவாள். திரும்பி வந்தால் முன்னைப்போல உடனே கண்ணை மூடமாட்டாள். பக்கத்தில் இருக்கிறவர்களை ஒரு தரம் பார்த்துக்கொண்டுதான் மூடுவாள்.

ஒரு மாதா திருநாளுக்கு மீனம்பாள் தொண்டூரிலிருந்து இரண்டு ஓர்ப்படிகளைக் கூட்டி வந்திருந்தாள். கோயில் நிறைந்த கூட்டம். எழுந்தேற்றத்துக்கு முன்னால், ஊசி விழுந்தால் கேட்கிற அமைதியில், கடைசித் தூணிலிருந்து குசுகுசு என்று சத்தம் வந்தது. கோயில்பிள்ளை மூங்கில் குச்சியோடு விறுவிறு என்று வந்தான்.

“யாரு அது, பேசறது?”

ஜீவரத்தினம் தலை நிமிர்ந்து பார்த்தாள். கோயில்பிள்ளைக்குக் குச்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“பேசல தம்பி, சொல்லிக்கினு இருக்கேன். நீ அந்தப் பக்கம் போயி நில்லு” என்றாள் அவள். பிறகு தொண்டூர்க்காரிகள் பக்கம் திரும்பி, “இப்ப மணி அடிப்பாங்க. ஆண்டவரு வராரு. வளையல ஏத்திக்கோங்க” என்றாள்.